வலது முன்சக்கரத்தில் அப்பா

குமாசி
ஜனவரி 14

கனம் பொருந்திய பானின் அவர்களின் மேலான கவனத்துக்கு,

ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது யாதெனில், சென்ற திங்கட்கிழமை காலை ஒன்பது மணி இருபது நிமிடத்துக்கு, எங்கள் பட்டறை முதலாளி பாடு மாஸ்டரின் இடது செருப்பு ஒரு சிமென்ட் லாரியின் பின்சக்கரத்தடியில் அகால மரணம் அடைந்தது. நல்லவேளை, உள்ளே கால் இல்லை. வலது செருப்பு உயிரோடு இருக்கிறது, ஆனால் யாருடனும் பேசுவதில்லை. பட்டறைக்கு விடுமுறை விடப்படவில்லை. பெயர்தான் பாடு, அவர் ஒரு நாளும் பாடியதில்லை, படுவதெல்லாம் நாங்கள்.

அரசாங்கச் செய்தி முடிந்தது. இனி வீட்டுச் செய்தி. நான் சுகம். அம்மா சுகம், அவளுடைய காராமணிச் சோற்றுக்கு மெக்கானிக்குகள் இன்னமும் தட்டோடு சண்டை போடுகிறார்கள். அம்போன்சா அண்ணன் சுகம். நீ சுகமா? அம்மா கொடுத்தனுப்பிய ஷிட்டோ மிளகாய்த் தொக்கு தீர்ந்துவிட்டதா, அல்லது உன் விடுதித் தோழிகள் தீர்த்துவிட்டார்களா? பத்து நிமிடம் முந்திக்கொண்டு பிறந்ததற்காக ஆயுள் முழுக்க நீ பானின், பெரியவள். நான் காக்ரா, சின்னவன். அந்த உரிமையில் கேட்கிறேன்: கொஞ்சமாவது எனக்கு மிச்சம் வைத்திருக்கிறாயா?

ஒரு விசித்திரம் சொல்ல மறந்தேன். அப்பாவை அடக்கம் செய்ததிலிருந்து அவருடைய டாக்சியை அண்ணன்தான் ஓட்டுகிறான் என்று உனக்குத் தெரியும். போன வாரம் வீட்டுக்கு வரும் வழியில், கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய மேட்டில், கார் தானாக நின்றுவிட்டது. என்ஜின் ஓடுகிறது. அண்ணன் காலால் மிதி மிதியென்று மிதிக்கிறான். கார் நகரவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த வெங்காயக்காரி கத்தினாள்.

"ஏம்ப்பா, எதுக்கு நிறுத்தினே?"

"நான் எங்க நிறுத்தினேன்? அதுவா நிக்குது."

அவள் ஜன்னல் வழியே சுவரைப் பார்த்தாள். "உங்கப்பன் இங்கதானே படுத்திருக்கான்?"

அவ்வளவுதான். வெங்காயத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி நடந்துவிட்டாள். இரண்டு தோத்திரப் பாட்டு பாடும் நேரம் கழித்துக் கார் தானே விட்டுவிட்டது. சிரிக்காதே. நான் சிரித்துவிட்டேன், இரண்டு பேருக்கும் சேர்த்து.

உன் அன்புத் தம்பி,
காக்ரா


விடுதி
ஜனவரி 29

அன்புள்ள காக்ரா,

கடவுள் புண்ணியத்தில் நான் நலம். உங்கள் மூவரின் நலமும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். ஷிட்டோ தீர்ந்துவிட்டது. காரி என்ற மரவள்ளி ரவையைத் தண்ணீரில் ஊறவைத்துச் சர்க்கரை போட்டுச் சாப்பிடுகிறோம். ஏப்ரல் பதினேழில் இறுதித் தேர்வு தொடங்குகிறது. கேப் கோஸ்ட் கடற்காற்றில் புத்தகங்கள் எல்லாம் பிசுபிசுக்கின்றன. அக்ராவிலிருந்து புதிதாகச் சேர்ந்தவள் ஒருத்தி கேட்டாள், "உன் தம்பி மேகசின்ல இருக்கானாமே, கதை எழுதுவானா?" ஆயிரம் பட்டறைகள் அடைந்த இடத்துக்கு அந்தப் பெயர் என்று விளக்கினேன். கதையும் கட்டுவான் என்று சேர்த்துச் சொன்னேன்.

செருப்பைப் பற்றி எழுதும்போது 'மரணம்' என்ற சொல்லை எழுதாதே. நம் வீட்டில் அந்தச் சொல் நுழைந்து இன்னும் மூன்று மாதம்கூட ஆகவில்லை.

அந்தக் கார் விஷயம் நிஜமா, உன் வேலையா? அப்பாவின் அடக்கத்துக்கு வர இந்தப் பள்ளிக்கூடம் எனக்கு விடுப்புச் சீட்டு தரவில்லை என்று உனக்குத் தெரியும். நான் இல்லாமல் நடந்ததைப் பற்றி நீ எழுதினால்தான் எனக்குத் தெரியவரும். விளையாடாமல் எழுது. மேட்டின் எந்த இடத்தில் நின்றது? அண்ணன் என்ன சொன்னான்? அம்மாவுக்குத் தெரியுமா?

உன் அக்கா,
பானின்


குமாசி
பிப்ரவரி 6

பேரன்புடைய பானினுக்கு, உன் சுகம் என் சுகம் என்று எழுதினால் ஒரு வரி மிச்சம்.

நிஜம்! இருபது பேர் சாட்சி. இப்போது தினமும் நிற்கிறது. வழி முழுக்கத் தார்ச்சாலையில் குழந்தை மாதிரி ஓடுகிறது. கல்லறைச் சுவர் தொடங்கி, தார் முடிந்து, செம்மண்ணும் சரளையும் வரும் அந்த ஐம்பதடியில்தான் பிடிப்பு. அதிலும் வலது முன்சக்கரம். யாரோ குனிந்து சக்கரத்தைக் கையால் இறுக்குவது போல. அண்ணன் காலை பிரேக்கில் வைத்தால் பெடல் உள்ளங்காலைத் தட்டுகிறதாம், உள்ளே இருந்து. நானும் ஒரு நாள் ஓட்டிப் பார்த்தேன். தட்டுகிறது, பானின்.

இன்னொன்று. பிடிப்பதற்கு முன் பானெட்டுக்குள் ஒரு சத்தம் வரும். 'க்ர்ர்ர்' என்று. நமக்குப் புத்தி சொல்லத் தொடங்கும்முன் அப்பா தொண்டையைச் செருமுவாரே, அளந்து வெட்டிய மாதிரி அதே சத்தம். முதல் முறை கேட்டபோது அண்ணன் தன்னையறியாமல், "சரிப்பா" என்று சொல்லிவிட்டான்.

மேகசின் முழுக்க நம் கார்தான் பேச்சு. "இன்னிக்கு உங்கப்பா என்ன சொன்னாரு?" என்று வழியில் நிறுத்திக் கேட்கிறார்கள். நான்தான் அப்பாவின் அதிகாரபூர்வச் செய்தித் தொடர்பாளன். நேற்று ஒரு டயர்க்காரனிடம் அப்பா குரலில் சொன்னேன்: "அடக்கத்துக்கு எல்லாரும் வந்தீங்க. ஒருத்தி மட்டும் வரலையே, எங்கடா அவ?" அவன் கையிலிருந்த டயரைப் போட்டுவிட்டு ஓடினான்.

அம்மாவுக்குத் தெரியும். மாலையில் காலிப் பாத்திரங்களோடு அந்தக் காரில்தான் அவளும் திரும்புகிறாள். கார் நின்றதும் எல்லோரும் இறங்குவார்கள், அவள் மட்டும் இறங்கமாட்டாள். யார் சாப்பிட்டார்கள், யார் உப்பு போதவில்லை என்றார்கள், மழைக்கு முன் கூரையை மாற்ற வேண்டும், எல்லாம் ஜன்னலைப் பார்த்துச் சொல்லுவாள். சக்கரம் விட்டதும் "சரி, போலாம்" என்பாள். அடக்கத்துக்குப் பிறகு அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

தேர்வுக்குப் படி. நான் படிக்காததையும் சேர்த்துப் படி.

பட்டறைப் பேரரசன்,
காக்ரா


விடுதி
மார்ச் 3

காக்ரா,

நலம்தானே? கடிதம் தாமதமாகிவிட்டது.

எங்கள் விடுதிக்குப் பின்னால் தண்ணீர் மோட்டார் ஒன்று இருக்கிறது. போடும்போது 'க்ர்ர்ர்' என்கிறது. முன்பெல்லாம் நான் கவனித்ததே இல்லை. இப்போது அது செருமினால் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். தோழிகள் கேட்டால் வயிற்றுவலி என்கிறேன்.

'ஒருத்தி மட்டும் வரலையே' என்று அப்பா சொன்னதாக எழுதியிருந்தாய். வேறு என்ன சொன்னார்?

பானின்


குமாசி
மார்ச் 8

அன்பு பானின்,

உன் வயிற்றுவலி எப்படி இருக்கிறது? இல்லாத வயிற்றுவலிக்கு இல்லாத மருந்து ஒன்று இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தினம் மூன்று வேளை விழுங்கவும்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சொன்னது நான். டயர்க்காரனைப் பயமுறுத்த வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அந்த வரியை உனக்கு எழுதியிருக்கக் கூடாது. என் வாய் எனக்கு முன்னால் பிறந்தது, உனக்கும் முன்னால். அதற்கு விலாசம் வேறு.

சத்தம் மோட்டார் சத்தம்தான். இரண்டு இடத்திலும். மோட்டார் என்றால் செருமத்தானே செய்யும்? தூங்கு. உடனே பதில் எழுது, ஒரு வரி போதும், 'தூங்கினேன்' என்று.

காக்ரா


குமாசி
மார்ச் 22

பானின்,

பதில் இல்லை. தபால்காரன் மேல் பழி போட்டுப் பார்த்தேன், அவன் நல்லவன்.

நாங்கள் சுகம் என்றுதான் கடிதம் தொடங்க வேண்டும். பாதிச் சுகம். வியாழக்கிழமை மழை. அண்ணன் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு அதே மேட்டில், கல்லறைச் சுவர்ப் பக்கமாக இறங்கியிருக்கிறான். சக்கரம் சரளையில் வழுக்கியது, செருமல் கேட்டது. ஓர் ஆடு குறுக்கே வர, பிரேக்கை மிதித்தான். கார் நேராக நிற்காமல் வலது பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சாக்கடைக்குள் மூக்கைச் செருகிவிட்டது. வந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. அண்ணனுக்குக் கீழுதடு கிழிந்து மூன்று தையல். ஆட்டுக்கு ஒன்றுமில்லை, அது நின்று பார்த்துவிட்டுப் போயிற்று.

அண்ணன் சாவியை அம்மா மடியில் வைத்துவிட்டான்.

"நான் ஓட்டறது அப்பாவுக்குப் புடிக்கல. நேரடியாவே சொல்லிட்டாரு. இனிமே நான் தொடமாட்டேன்."

"அப்படி இல்லடா."

"பின்ன எப்படி? நீங்க பேசினா கேக்கறாரு. என்னைச் சாக்கடைல தள்ளறாரு."

அன்றிலிருந்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறான். தையல் போட்ட வாயால் சிரிக்க முடியாது என்பதால் நான் சொல்லும் ஜோக்குகளுக்கு அவன் சிரிக்காதது எனக்கு அவமானம் இல்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

பாடு மாஸ்டர் காரைக் கயிறு கட்டிப் பட்டறைக்கு இழுத்து வந்தார். யாரும் அதன்மேல் கை வைக்க மாட்டேன் என்கிறார்கள். எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. ஆனால் நான் கை வைப்பேன். நீ எழுது.

காக்ரா


விடுதி
மார்ச் 30

அன்புள்ள காக்ரா,

அண்ணன் உதடு ஆறிவிட்டதா? அம்மா எப்படி இருக்கிறாள்? நான் உடம்பால் நலம்.

இதை நீ யாருக்கும் படித்துக் காட்டாதே. பள்ளிக்கூடம் எனக்கு விடுப்புச் சீட்டு கொடுத்தது. அடக்கத்துக்கு மூன்று நாள் முன்பே தலைமையாசிரியை கூப்பிட்டு, கையெழுத்துப் போட்டு, தலையைத் தடவிக் கொடுத்தார். சீட்டு என் பைபிளுக்குள் இருக்கிறது. நான் பேருந்து நிலையம் வரை போனேன். 'குமாசி, குமாசி' என்று கூவினார்கள். மூக்கில் பஞ்சு வைத்த அப்பாவைப் பார்க்க என்னால் முடியாது என்று தோன்றியது. நான் பார்க்காவிட்டால் அது நடக்கவில்லை என்று தோன்றியது. திரும்பி வந்து, சீட்டு தரவில்லை என்று உங்களுக்குச் சொல்லி அனுப்பினேன்.

நீ டயர்க்காரனிடம் விளையாட்டாகச் சொன்னது உனக்குத் தெரியாமல் நிஜமாகிவிட்டது. அவர் என்னைத்தான் கேட்கிறார். நான் வராததால்தான் அண்ணனைத் தள்ளுகிறார். அடுத்து யாரை?

ஏப்ரல் பதினாறு வியாழக்கிழமை பேருந்து ஏறுகிறேன். கல்லறையில் சாராயம் ஊற்றி மன்னிப்புக் கேட்கிறேன். கார் விடும்வரை திரும்பமாட்டேன். மறுநாள் தேர்வு என்று நீ சொல்லுவாய். அடுத்த வருடமும் தேர்வு வரும்.

பானின்


குமாசி
ஏப்ரல் 4

என் பானின்,

வராதே. முதலில் அது. 'வராதே' என்று ஒரு பக்கம் முழுக்க எழுதலாம் என்று பார்த்தேன், மையை மிச்சப்படுத்துகிறேன். நீ சீட்டை வைத்துக்கொண்டு வராமல் இருந்ததை யாருக்கும் சொல்லமாட்டேன். எனக்கு அது தவறாகவும் படவில்லை. நானும்தான் அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு மண்ணைப் போட்டேன்.

இப்போது நிமிர்ந்து உட்கார். சக்கரத்தைப் பிடித்த கையை நான் கண்டுபிடித்துவிட்டேன். ஆம், நான்! பதினேழு வயது, மேகசினின் ஒப்பற்ற மூளை, உன் தம்பி.

உன் கடிதம் வந்த மறுநாளே காரின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினேன். சக்கரங்களைக் கையால் சுழற்றினேன். இரண்டும் சுற்றின. பேய் விடுமுறையில் இருந்தது. அதனால் அதை வேலைக்குக் கூப்பிட்டேன். பட்டறை முற்றத்தில் ஒரு கூடை சரளையைக் கொட்டி, வலது சக்கரத்தை அதன்மேல் இறக்கி, என்ஜினைப் போட்டு முடுக்கினேன். சக்கரம் வழுக்கிச் சுழன்றது. 'க்ர்ர்ர்.' பிடித்துக்கொண்டது. கல்லறையிலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி! பாடு மாஸ்டர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார், இந்த முறை இரண்டையும்.

மறுபடி ஜாக்கி. வலது சக்கரம் இரும்பு மாதிரி இருக்கிறது. சக்கரத்தின் பின்னால் பிரேக் ஆயில் காற்றை வெளியே விடும் சின்ன முலைத் திருகு ஒன்று உண்டு. அதை அரைச் சுற்றுத் திறந்தேன். ஆயில் பீய்ச்சி என் முகத்தில் அடித்தது, சக்கரம் உடனே விட்டது. அப்படியென்றால் துருவோ இரும்போ பிடிக்கவில்லை. அழுத்தம் உள்ளே மாட்டிக்கொண்டு நிற்கிறது. எங்கே மாட்டியது? மறுபடி சரளை, மறுபடி பிடிப்பு. இந்த முறை பெடல் பக்கத்துக் குழாயை, மாஸ்டர் சிலிண்டரில், தளர்த்தினேன். சக்கரம் விடவில்லை. வால்வுகள் எல்லாம் அடங்கிய அலுமினியக் கட்டிக்கும் சக்கரத்துக்கும் நடுவிலுள்ள குழாயைத் தளர்த்தினேன். விட்டது! சக்கரத்தருகே உள்ள ரப்பர் குழாய் அடைத்திருந்தால் அப்படி விடாது. ஆக, கட்டிக்குள்ளேதான் கை.

ரமதுவை இழுத்து வந்தேன். மேகசினில் ஸ்கேனர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன். நான்கு வரிசை தள்ளிக் கடை. பேய் என்றதும், "வரேன், அதுக்கும் பிளக் இருக்கும்ல?" என்றாள். டாஷ்போர்டுக்குக் கீழே வயரைச் செருகி ஐந்து நிமிடம் திரையைப் பார்த்தாள்.

"டிராக்‌ஷன் கன்ட்ரோல் வால்வு. வலது முன் பக்கம். அறுபத்தொரு தடவை புகார் பண்ணியிருக்கு பாவம், கேக்கத்தான் ஆளில்ல."

"அப்படின்னா?"

"சக்கரம் மண்ணுல வழுக்கினா, இந்த வால்வு பெடல் வழிய அடைச்சிடும். மோட்டார் ஓடி, அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். வழுக்கல் நின்னதும் வால்வு தொறக்கணும். இது தொறக்கல. ஆயில் மெல்லக் கசிஞ்சு எறங்கற வரைக்கும் புடிச்சுட்டே நிக்கும்."

ஸ்கேனரிலிருந்தே ஒவ்வொரு வால்வையும் ஏவிப் பார்த்தாள். இடது வால்வு 'டிக்' என்றது. வலது, ஊமை. மீட்டரை வைத்து அதன் சுருளை அளந்தாள். மின்சாரம் சரியாகத்தான் போகிறது. உள்ளே இருக்கும் ஊசி அழுக்கு ஆயிலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. செருமல், அந்த மோட்டார். உள்ளங்காலைத் தட்டியது, அந்த மோட்டார் தள்ளிய ஆயில். அந்த ஐம்பதடியில் மட்டும் நின்றது ஏனென்றால் நம் வழியில் அங்கே மட்டும்தான் சரளை. அண்ணன் சாக்கடைக்குள் போனதும் இதனால்தான்: ஒரு சக்கரம் பிடித்திருக்க, மற்றவை ஓடின. அப்பா யாரையும் தள்ளவில்லை. யாரையும் கேட்கவும் இல்லை.

அண்ணனைக் கூட்டிவந்து சரளையில் நான்கு முறை செய்து காட்டினேன். நான்காவது முறை அவன் தையல் வாயைத் தொட்டுக்கொண்டு, "எனக்கு ஒரு தடவை காட்டியிருந்தா போதும். திமிருடா உனக்கு" என்றான். வீட்டு வாசலை விட்டு எழுந்துவிட்டான். பிரித்த கார் ஒன்றிலிருந்து நல்ல கட்டி தேடுகிறோம். கிடைத்ததும் மாற்றிவிடுவோம்.

நீ உன் தேர்வை எழுது. மேகசின் நுழைவாயிலில் எனக்குச் சிலை வைக்க இடம் பார்த்துவிட்டேன்.

பேய் ஓட்டிய பெருந்தகை,
காக்ரா


விடுதி
ஏப்ரல் 10

அன்புள்ள காக்ரா,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அண்ணன் எழுந்துவிட்டான் என்ற வரியை அதற்கும் மேல். நீ கெட்டிக்காரன். இதை நான் எழுதியதாக யாரிடமும் காட்டிக்கொள்ளாதே.

ஆனால் ஒன்று. நான் உன்னோடு ஒன்பது மாதம் ஒரே அறையில் இருந்தவள். நீ அதிகமாகப் பேசும்போது எதையோ ஒளித்து அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

அறுபத்தொரு முறை கார் புகார் செய்தது என்று ரமது சொன்னாள். நம் அப்பாவே சொல்லுவார்: பிரேக்கில் ஏதாவது என்றால் மஞ்சள் விளக்கு எரியும், எரிந்தால் ஓட்டாதே என்று. அண்ணன் மூன்று மாதம் அந்த டாஷ்போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா பக்கத்தில். நீயும் ஓட்டிப் பார்த்தாய். ஒருவர்கூட விளக்கைப் பற்றி ஒரு வரி சொல்லவில்லை.

வால்வு கெட்டால் விளக்கு எரியும். விளக்கு எரியாமல் பிடித்த கை யாருடையது? என்னைத் தேர்வு எழுத வைக்க நீ இதையெல்லாம் கட்டியிருந்தால், கெட்டிக்காரத்தனமாகக் கட்டியிருக்கிறாய். எனக்கு அது போதாது. பதினாறாம் தேதிக்குள் இதற்குப் பதில் வந்தால் நான் இங்கே இருப்பேன். வராவிட்டால் காலை ஆறு மணிப் பேருந்து. இந்தத் தடவை ஏறிவிடுவேன்.

பானின்


குமாசி
ஏப்ரல் 14

பானின்,

தபாலை நம்பாமல் கேப் கோஸ்ட் பேருந்து டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உன் கையில்தான் கொடுப்பேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். நலம் விசாரிக்க இடமில்லை, நலமாக இரு.

விளக்கு எரிந்தது.

ஜனவரி முதல் வாரத்திலேயே எரிந்தது. மேட்டில் கார் பிடிப்பதற்கும் முன்னால். காரைக் கழுவும்போது நான்தான் பார்த்தேன். அதற்கு முந்திய நாள்தான் அம்மா அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இது ஒரு தடவை தொந்தரவு குடுத்தாலும் சரி, வித்துடுவேன். அவர் உக்காந்த சீட்டப் பாத்துட்டே என்னால இருக்க முடியல." எனக்கு அந்த இருக்கை வேண்டும். அதில் இன்னும் அவர் முதுகு இருக்கிறது, பானின். உட்கார்ந்தால் குழியில் நாம் பொருந்தமாட்டோம், அவ்வளவு அகலம்.

மேகசினில் விற்க வந்த கார்களுக்கு நாங்கள் செய்யும் ஒரு வேலை உண்டு. 'விளக்கைத் தூங்கவைப்பது' என்போம். மஞ்சள் விளக்கின் வயரை வெட்டி, ஆயில் விளக்கின் வயரோடு முடிச்சுப் போட்டுவிட்டால், சாவி போடும்போது இரண்டும் எரியும், என்ஜின் ஓடியதும் இரண்டும் அணையும். வாங்குகிறவனுக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். நான் அதைக் கற்றுக்கொண்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. கை அரித்தது. பதினைந்து நிமிடத்தில் தூங்கவைத்தேன். யாருக்கும் சொல்லவில்லை. எதற்கான விளக்கு என்றுகூட அப்போது யோசிக்கவில்லை.

பிறகு கார் மேட்டில் பிடித்தது. பயந்தேன். அப்போதுதான் அந்த வெங்காயக்காரி, 'உங்கப்பன்' என்றாள். அதைப் பிடித்துக்கொண்டேன். அப்பா உட்கார்ந்திருக்கும் காரை யார் விற்பார்கள்? செருமலை எல்லோருக்கும் நடித்துக் காட்டியது நான். டயர்க்காரனிடம் சொன்னதும் அதற்குத்தான். உன்னைப் பற்றி ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. நீ இல்லாதது எனக்கும் உறுத்திக்கொண்டிருந்திருக்கும்.

அண்ணன் உதடு கிழிந்த அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. 'நான் கை வைப்பேன்' என்று வீரமாக எழுதிவிட்டு, பத்து நாள் அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். உன் விடுப்புச் சீட்டுக் கடிதம் வந்தபிறகுதான் ஜாக்கியை எடுத்தேன். ரமது டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டபோதே என் முடிச்சைப் பார்த்துவிட்டாள். அதை அவிழ்த்து, வயரைப் பழையபடி சேர்த்து, டேப் சுற்றினாள். வெளியே வந்து, "கேக்கத்தான் ஆளில்லன்னு சொன்னேன்ல? தப்பு. கேட்ட ஆளு ஒருத்தன் இருக்கான்" என்றாள். நான் அந்தப் பாதியை உனக்கு எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் சொன்னேன். ஒரே ஒரு அறை. காது இன்னும் மணி அடிக்கிறது. அதிலே எனக்கு நிம்மதி. பிறகு அம்மாவிடம். அவள் கரண்டியை எடுப்பாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். எடுக்கவில்லை.

"அப்போ அது வால்வா?"

"ஆமாம்மா."

"தினம் சாயங்காலம்?"

"ஆமா."

"அப்ப நான் யாருகிட்டடா பேசிட்டிருந்தேன்?"

அடுப்பைத் தணித்துவிட்டு அவளே, "பேசினது பேசினதுதான். கூரையை மட்டும் மாத்திடணும்" என்றாள். காரை விற்கவில்லை. ஆனால் பின்னால் அதை விற்பேனோ மாட்டேனோ, அது இனி உன் முடிச்சில் இல்லை என்று சொல்லிவிட்டாள்.

ஆக, நான் பேயும் ஓட்டவில்லை, மூளையும் இல்லை. வெட்டியவன் தான் வெட்டிய இடத்தைக் காட்டினான், அவ்வளவுதான். சிலைக்குப் பார்த்த இடத்தில் ஒருவன் பழைய பேட்டரி விற்கிறான், அவனே இருக்கட்டும். கார் உன்னைக் கேட்கவில்லை. பிடித்தது வால்வு, மறைத்தது நான். இதில் அப்பாவும் இல்லை, நீயும் இல்லை. பேருந்து ஏறாதே. உட்கார்ந்து எழுது. ஜூனில் வரும்போது அந்த விடுப்புச் சீட்டையும் பைபிளையும் எடுத்து வா, நாம் இருவரும் அங்கே போவோம். நானும் அன்று கண்ணைத் திறக்கவில்லை என்று சொன்னேனே.

கடைசியாக ஒன்று. இதை நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நேற்றுக் கட்டியை மாற்றினோம். ரமது சோதித்தாள்: டிக், டிக், இரண்டும். மேட்டில் ஓட்டிப் பார்க்க என்னையே உட்காரச் சொன்னார்கள். அண்ணன் பக்கத்தில், ரமது பின்னால். சரளை வந்தது. சக்கரம் ஒரு கணம் வழுக்கியது, செருமியது, உடனே விட்டது. சுவர் கடந்துபோயிற்று. அண்ணன் கை தட்டினான். நான் மேட்டு உச்சியில் நிறுத்தி, யாரும் கவனிக்காதபோது, பிரேக்கை இரண்டு முறை மெல்ல மிதித்தேன். பிறகு இன்னொரு முறை. எதுவும் திருப்பித் தட்டவில்லை, அது வெறும் பெடல்.

கண்ணில் பிரேக் ஆயில் தெறித்துவிட்டது என்று ரமதுவிடம் சொன்னேன். அவள் ஒரு புட்டித் தண்ணீர் முழுவதையும் என் முகத்தில் ஊற்றிக் கழுவிவிட்டாள், பொறுமையாக. அந்த மேட்டில் பானெட்டை நாங்கள் திறக்கவே இல்லை.

காக்ரா